பிரேக் மாறாத ஃபியட்: வார இறுதிக்கு ஒரு பழைய ஐரோப்பியக் கார் வாங்கலாமா?

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஷெட். உள்ளே இரண்டு போர்வெல் ரிக், ஒரு கம்ப்ரசர். மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஃபியட். 1974 மாடல். பதினைந்து வருஷமாக நகரவில்லை. ரிக் உரிமையாளர் தார்ப்பாயை இழுத்துவிட்டு, "அப்பா வண்டிங்க சார். பழைய இரும்புக்குப் போட மனசு வரல, உங்களாட்டம் யாராச்சும் வெச்சுக்கிட்டாத் தேவல" என்றார். விலையும் சொன்னார். கட்டுப்படியாகாத விலை இல்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது. விலை அதிகமாக இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

எனக்கு வேலை பெங்களூரில், வார இறுதி ராசிபுரத்தில். மூன்று வாரமாக இந்த வண்டியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வந்த முதல் எதிர்வினை: "இருக்கற காரையே ஞாயித்துக்கிழமை வெளிய எடுக்க மாட்டீங்க, இதுல இன்னொண்ணா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன். பழைய கார்களைப் பற்றித் தமிழில் வருகிற எழுத்து பெரும்பாலும் பெருமூச்சாகவே இருக்கிறது. ஒரு யந்திரமாக அதை விமர்சித்து எழுதுகிறவர்கள் குறைவு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பழைய ஐரோப்பியக் கார் என்றதும் பீட்டில், பழைய பென்ஸ் என்றுதான் மனசு போகும். ஆனால் நம்ம ஊர்ப் பட்டறைகளில் நிஜமாகக் கண்ணில் படுகிற ஐரோப்பியக் கார்கள் மூன்று. மூன்றும் இங்கேயே செய்யப்பட்டவை. அம்பாசடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது டிரையம்ப் ஹெரால்டு. பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100 டி. கம்பெனி பத்மினி என்று பெயர் மாற்றிய பிறகும் நம்ம ஜனங்கள் ஃபியட் என்றே கூப்பிட்டார்கள். நான் பார்த்த வண்டியின் ஆர்.சி. புக்கிலும் ஃபியட் என்றுதான் இருக்கிறது.

மென்பொருள்காரனுக்கு இந்த வண்டியின் வரலாறு உடனே பிடிபடும். ஒரு மூல நிரலிலிருந்து பிரதி எடுத்து, தனியாகப் பராமரிக்க ஆரம்பிப்பதை நாங்கள் ஃபோர்க் என்போம். டான்டே ஜியகோசா வடிவமைப்பில் 1953-ல் வந்தது ஃபியட் 1100/103. அதன் பிந்தைய வடிவமான 1100 டி இத்தாலியில் 1962-ல் வந்தது. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-ல் அதை 1100 டிலைட் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் அது பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆனது. 2000 வாக்கில்தான் உற்பத்தி நின்றது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஒரே ஃபோர்க்!

இதற்கிடையே மூலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். 1966-ல் ஃபியட் 1100 ஆர் என்று அடுத்த பதிப்பை விட்டது. அதில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். கியர் தரைக்கு வந்தது. 1969-ல் அந்த வரிசையையே மூடிவிட்டு, முன்சக்கர இயக்கத்தோடு 128-ஐக் கொண்டுவந்தது. நம்ம பக்கம் 1974-ல் வெளிவந்த இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், அதுவும் பூஸ்டர் இல்லாமல். எட்டு வருஷம் முன்பே மூலத்தில் வந்துவிட்ட திருத்தத்தை நம் ஃபோர்க் எடுக்கவேயில்லை. காரணம் தெரிந்ததுதான். லைசென்ஸ் ராஜ்ஜியம். போட்டி கிடையாது. எதைச் செய்தாலும் வாங்க ஆள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது, பிரேக்கை மாற்ற யார் முதலீடு செய்வார்கள்?

பழைய கார் ரசிகர்கள் இந்த உறைநிலையை "கிளாசிக்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இத்தாலியில் ஒரு 1100 டி கிளாசிக், ஏனென்றால் அது தன் காலத்தின் வண்டி. இங்கே 1990-ல் செய்த பத்மினி தன் காலத்துக்கு முப்பது வருஷம் பிந்திய வண்டி. இரண்டும் ஒரே தகடு. ஆனால் ஒன்றை ரசிக்கும்போது வடிவமைப்பை ரசிக்கிறோம். மற்றதை ரசிக்கும்போது வேறு வழியில்லாமல் நாம் வாங்கியதையும் சேர்த்துத்தான் ரசிக்கிறோம்.

சரி, வண்டிக்கு வருவோம். பாட்டரி மாற்றி, பாயிண்ட் தேய்த்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் போன ஞாயிறு ஸ்டார்ட் பண்ணினோம். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குப் பின்னால் காட்டு வழியில் அரை கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த அரை கிலோமீட்டரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்.

1089 சிசி, நாலு சிலிண்டர். சுமார் 40 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 900 கிலோவை ஒட்டி. காகிதத்தில் பரிதாபமான எண்கள். ஆனால் இரண்டாவது கியரில் மிதித்தபோது இன்ஜின் காட்டிய ஆர்வம் என் ஆட்டோமேட்டிக் காரில் கிடையாது. முன்பக்கம் முழுநீள பெஞ்ச் சீட். கியர், ஸ்டியரிங் தண்டில். தூண்கள் ஒல்லியாக இருப்பதால் நாலு பக்கமும் தெரிகிறது. இன்றைய கார்களில் ஏர்பேக்கும் உறுதியும் வேண்டி தூண்களைப் பருமனாக்கி, பிறகு தெரியவில்லை என்று கேமரா வைக்கிறார்கள். முன்கதவில் அந்த முக்கோணக் கண்ணாடி இருக்கிறதே, அதைத் திருப்பினால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. ஏசி இல்லாத காலத்தில் சேலத்து வெயிலுக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு பாகம் காரில் இருந்ததில்லை. பின்னால் சின்னதாக இரண்டு வால் துடுப்பு. அதற்கு ஒரு பயனும் இல்லை, அழகாக இருக்கிறது.

பிறகு பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் யோசித்துவிட்டு நின்றது. இடது பக்கம் இழுத்தது. வீல் சிலிண்டர் ஒழுகுவது காரணம், மாற்றினால் சரியாகும் என்று மெக்கானிக் சொன்னார். இழுப்பது சரியாகும். டிரம் டிஸ்க் ஆகாது.

இங்கே ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் வார இறுதி டிரைவ் என்றால் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து காரவள்ளிக்கு இறங்கினால் சுமார் 1,000 மீட்டர் உயரம் குறைகிறது. ஆட்களோடு வண்டி 1,150 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் எங்கேயாவது போய்ச் சேர வேண்டிய ஆற்றல் 11 மெகாஜூலுக்கு மேல். வீட்டுக் கணக்கில் சொன்னால் மூன்று யூனிட் கரண்டுக்கும் கொஞ்சம் கூட. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்று மணிநேரம் எரிகிற சூடு. முக்கால் மணி நேரத்தில் அது இன்ஜின் பிரேக்கிங், காற்று, டிரம் என்று மூன்று வழியில் வெளியேற வேண்டும். கொண்டை ஊசியில் வேகம் குறைவு, எனவே காற்று உதவாது. முதல் இரண்டு கியரில் இறக்கினால் இன்ஜின் நிறையத் தாங்கும். மிச்சம் டிரம்முக்கு. டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். டிரம் ஒரு மூடிய சட்டி. சூடானால் விரிந்து ஷூவிலிருந்து விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும், பெடல் கீழே கீழே போகும். அந்தக் காலத்தில் எல்லாரும் இதில்தானே ஏற்காடு போய் வந்தார்கள் என்பார்கள். போனார்கள். பாதி வழியில் நிறுத்தி, டிரம் ஆறுகிறவரை காத்திருந்து இறங்கினார்கள். அந்தக் காத்திருப்பு நினைவுகளில் பிக்னிக்காக மாறிவிட்டது.

அதேபோல இன்னொன்று: "அந்தக் காலத்து இரும்புங்க, மோதினாலும் ஒண்ணும் ஆகாது." இதைச் சொல்லாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. உண்மை நேர் எதிர். மோதலில் வண்டியின் முன்பகுதி நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது என்ற யோசனைக்கு மெர்சிடஸ் பொறியாளர் பேலா பாரென்யி காப்புரிமை வாங்கியது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அது உற்பத்திக்கு வந்தது 1959-ல். வோல்வோவில் நில்ஸ் போலின் மூன்று புள்ளி சீட் பெல்ட்டைக் கொண்டுவந்ததும் அதே 1959. 1100-இன் கூடு 1953-இல் வரைந்தது. மோதினால் இரும்புக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சைப் பார்த்து நிற்கிறது என்பதை ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

எனவே நாலு வழிச்சாலை கிடையாது. ஆண்டகளூர் கேட்டில் ஏறி நாமக்கல் போகிற சாலையில் கார்களுக்கு நூறு வரை அனுமதி. பின்னால் டிரெய்லர்கள் வரும். அதில் அறுபதில் ஊர்ந்துகொண்டு, முன்னால் ஒருவர் சடன் பிரேக் போட்டால் நான் யோசித்து நிற்பதற்குள் கதை முடிந்துவிடும். ஒரு மெக்கானிக், "வேற வண்டி டிஸ்க்க மாட்டித் தர்றேன், பிரச்சினையே இல்ல" என்றார். மாட்டலாம். ஆனால் முன் பின் பிரேக் விகிதம் மாறும், அதை யார் சோதித்துப் பார்ப்பது? அப்பா ஓட்டிய வண்டிக்கு நான் இன்னொரு ஃபோர்க் போட வேண்டுமா என்ற தயக்கமும் இருக்கிறது (அப்பா என்றால் ரிக்காரருடைய அப்பா).

அப்படியானால் ஹெரால்டு? இங்கே என் பலவீனத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். நம்ம மாநிலத்து வண்டி; சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்தது. வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி, இத்தாலியர். அதன் அமைப்புக்குப் பின்னால் ஒரு நல்ல கதை. பிரிட்டனில் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடி செய்துதர ஆள் இல்லை. எனவே பழைய பாணியில் தனி சேசிஸ் வைத்து, அதன்மேல் துண்டு துண்டாகப் பாடியைப் போல்ட் போட்டு மாட்டினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்தப் பின்னடைவுதான் இன்று பழுது பார்ப்பவனுக்கு வரம். துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றலாம். முன்பக்க பானெட் முழுசாக முதலை வாய்போலத் திறக்கும், டயர்மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம், ராசிபுரம் கடைவீதிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில்தான் செய்யப்பட்டது.

ஆனா பின் சக்கரம் இருக்கிறதே. ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால், பின் சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டியைத் தூக்கிவிடும். நம்ம மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972 வாக்கில் அதே 948 சிசி இன்ஜினோடு கெஸல் வந்தபோது சாதாரண லைவ் ஆக்ஸிலுக்கு மாறிவிட்டார்கள். இன்னொரு சிக்கல் பாகங்கள். இன்ஜின் சாமான் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதே குடும்பம் என்பதால் அங்கே சந்தை உயிரோடு இருக்கிறது. நாலு கதவு வண்டியின் பின்கதவும் கண்ணாடியும் எங்கிருந்து வரும்? உலகத்தில் எங்கும் செய்யாததற்கு உலகச் சந்தை இல்லை. ரசிக்கலாம். கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் பழைய கார்களை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். வாங்கக் கூடாது.

அம்பாசடரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2014 வரை செய்தார்கள். தொண்ணூறுகளில் வந்த இசுசூ 1800 இன்ஜினோடு, தரையில் கியரோடு ஒரு வண்டி கிடைத்தால், ஓட்டுவதற்கு மூன்றிலும் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதில் ஏறினால் எனக்குத் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வருகிறது. வார இறுதி வண்டிக்கு அது ஒரு தகுதிக்குறைவு.

ஃபியட்டுக்குச் சாதகமான விஷயம் வண்டியில் இல்லை, ஊரில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக். இந்த முக்கோணத்துக்குள் ரேடியேட்டர் அடைப்பு எடுப்பவர், ஸ்பிரிங் பட்டை செட் பண்ணுபவர், கிங் பின் புஷ் கடைந்து தரும் லேத் பட்டறை, தகடு வெட்டி ஒட்டுகிற டிங்கர் எல்லாரும் ஒரு மணி நேர தூரத்தில். பத்மினியின் பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் கிரீஸ் அடிக்க வேண்டிய கிங் பின். லாரிக்காரர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு புரிகிற மொழி. இந்த வசதி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைக்காது. பம்பாயில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டது. பாகங்களுக்கு டாக்சிகளால் இருந்த தேவை அதோடு ஒழிந்தது. இனி லேத் பட்டறைதான் கம்பெனி.

துரு மட்டும் பயமுறுத்துகிறது. ஹெரால்டு மாதிரி தனி சேசிஸ் இதற்கு இல்லை, தகடே எலும்பு. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்துப்போய் வண்டி முழுக்க நகர்த்திப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பிடிக்கவில்லை. உள்ளே பட்டி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் திருப்புளியால் லேசாகக் குத்தினால் வலது பக்கம் உள்ளே போகிறது. இடது பக்கம் சுத்தம். மழைக்கு ஷெட்டின் வலது பக்கம் சாரல் அடிக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

பெட்ரோல் இன்னொரு கவலை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தேங்காது. வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கிற வண்டியில் தேங்கும், டாங்கின் அடியில் துரு சேரும். ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரப்பருக்கு மாற்ற வேண்டும். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிட்டால் ஈரத்துணி போடுகிற பழைய வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். அதையும் டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி சட்டம். பலர் தடுக்கி விழுகிற இடம் இது. புரோக்கர் ஒருவர், "அம்பது வருஷம் தாண்டிருச்சுல்ல, வி.ஏ. நம்பர் போட்டுருங்க சார், கெத்தா இருக்கும்" என்றார். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்தது உண்மைதான். முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரியைப் படிக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்குக் கூடாது. ஞாயிறு காலை டிபன் சாப்பிடப் போவது ராலியா, ஆய்வா? போலீஸ்காரரிடம் விவாதிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆக, ஓட்டுவதற்கு வாங்குகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000. குர்லாவில் செய்த ஃபியட் இந்த இடத்தில் இந்தியக் குடிமகன். பீட்டில் ஆசை இருப்பவர்கள் இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவும்.

இவ்வளவும் பார்த்தபிறகு என் முடிவு, வாங்கலாம் என்பதுதான். ஆனால் ஒரு சாலைக்காக மட்டும். ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சேந்தமங்கலம். இடது பக்கம் கூடவே கொல்லிமலை வரும். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. விடிகாலை ஆறுக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஐம்பதுக்கு மேல் யாரும் போகாத, போக முடியாத சாலை. அந்த வேகத்துக்குத்தான் இந்த வண்டியின் பிரேக்கும் முக்கோணக் கண்ணாடியும் செய்யப்பட்டன. மலை ஏறுவதில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸ் போவதில்லை. இந்த இரண்டையும் வீட்டில் எழுதியே கொடுத்துவிட்டேன்.

காசு கொடுக்கப் போன அன்றுதான் ஆர்.சி. புக்கை முழுசாகப் பார்த்தேன். வண்டி இன்னும் காலமான பெரியவர் பெயரிலேயே இருக்கிறது. பதிவு 2009-லேயே காலாவதி. முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டு மகன் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு புதுப்பிக்க படிவம் 25, அப்புறம்தான் என் பெயருக்கு 29, 30. வாரிசுகள் மூன்று பேர். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா கரூரில் இருக்கிறார். போனில் பேசியபோது, "அந்த வண்டிலதான் தம்பி என்னையக் கல்யாணமாயி கூட்டியாந்தாங்க. விக்கறதுன்னா ஒரு தடவ வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறனுங்க" என்றார். தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வலது பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.